செல்போன் வருவதற்கு முன்பே `லாக் அவுட்' செய்த மனிதர்! - எழுத்து வராமல் தவித்த தோரோவின் கதை

ஒரு ஐடியாவும் வர மாட்டேங்குது. லேப்டாப்பைத் திறந்தா வெள்ளைத் திரை. சரி, அஞ்சு நிமிஷம் ரீல்ஸ் பார்த்துட்டு வரலாம்னு போனை எடுத்தா, முக்கால் மணி நேரம் போயிடுது. திரும்பி வந்தா அதே வெள்ளைத் திரை. எழுதுறவங்க, வரையுறவங்க, எடிட்டிங் பண்றவங்க, டியூன் போடுறவங்கன்னு இந்த அவஸ்தை தெரியாத ஆள் இன்னிக்கு இருக்க மாட்டாங்க.

இதே தவிப்பில் சுமார் 180 வருடங்களுக்கு முன்பு ஒரு இளைஞர் சிக்கிக்கொண்டார். அவர் கையில் போன் இல்லை. ஆனால், அந்தக் காலத்தின் ரயிலும், தந்தியும், மலிவு விலைச் செய்தித்தாளும், பெருநகரத்தின் கூட்டமும் அவரைச் சுற்றி இரைந்துகொண்டிருந்தன. மனசுக்குள் ஒரு பெரிய துக்கம் இருந்தது. எழுத வேண்டிய புத்தகம் ஒன்று எழுதப்படாமலே கிடந்தது. அவர் ஒரு கோடரியைக் கடன் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ.

காந்தியைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். `வால்டன்' புத்தகத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், அவர் ஏன் அந்த ஏரிக்குப் போனார் என்ற கதை பலருக்கும் தெரியாது. இயற்கையை ரசிக்கப் போனார் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதியில் அவருடைய அண்ணன் இருக்கிறார்.

பென்சில் வீட்டுப் பையன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு அருகே கான்கார்ட் என்றொரு சின்ன ஊர். அங்கே 1817 ஜூலை 12-ம் தேதி பிறந்தார் தோரோ. அப்பா பென்சில் தயாரித்து விற்றவர். வீட்டில் வசதி பெரிதாக இல்லை. ஆனாலும், எப்படியோ பணம் புரட்டி இவரை ஹார்வர்டுக்கு அனுப்பினார்கள். 1837-ல் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கே திரும்பினார்.

நல்ல வேலை கிடைத்தது. உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியார். ஆனால், இரண்டே வாரம்தான். பிள்ளைகளை அடித்துத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டதும், சிலரை அடித்துவிட்டு, அன்றைக்கே வேலையை உதறினார். ஹார்வர்டில் படித்துவிட்டு இப்படிச் செய்தால் ஊர் என்ன பேசியிருக்கும்? நம்ம ஊரில் இன்ஜினீயரிங் முடித்த பையன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் என்ன பேசுவார்களோ, கிட்டத்தட்ட அதேதான்.

அந்த நேரத்தில் அவருக்குத் துணையாக நின்றவர் அண்ணன் ஜான். கலகலப்பானவர், எல்லோருக்கும் பிடித்தவர். தம்பி அதற்கு நேர் எதிர். கூச்சம், கொஞ்சம் முரட்டுத்தனம். இரண்டு பேரும் சேர்ந்து 1838-ல் ஒரு பள்ளியை நடத்த ஆரம்பித்தார்கள். அடி உதை கிடையாது. பிள்ளைகளை ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துப் போய்ப் பாடம் சொல்லித் தந்தார்கள்.

அதே காலகட்டத்தில்தான் தோரோ நாட்குறிப்பு எழுதவும் தொடங்கினார். கான்கார்டில் வசித்த எழுத்தாளர் எமர்சன் அப்போது அமெரிக்காவே கவனித்த சிந்தனையாளர். தோரோவைவிட 14 வயது மூத்தவர். இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் அவர்தான்.

ரெண்டு பேர், ஒரு படகு

1839 கோடையின் கடைசியில் அண்ணனும் தம்பியும் தங்கள் கையாலேயே செய்த படகில் கிளம்பினார்கள். கான்கார்ட் ஆற்றிலும் மெரிமாக் ஆற்றிலுமாக இரண்டு வாரப் பயணம். பகலில் துடுப்பு, இரவில் கூடாரம். இன்றைய பாஷையில் சொன்னால், இரண்டு பிரதர்ஸின் கனவு ட்ரிப்.

அடுத்த வருடம் ஒரு சங்கடம். எல்லென் சீவல் என்ற பெண்ணை இருவருமே விரும்பினார்கள். அண்ணன் முதலில் கேட்டார், மறுப்பு வந்தது. பிறகு தம்பி கேட்டார், அவருக்கும் அதே பதில். இருந்தாலும் சகோதரப் பாசம் அறுந்துபோகவில்லை. தோரோ அதன்பிறகு கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஜானின் உடல்நலம் சரியில்லாததால் 1841-ல் பள்ளியை மூட வேண்டிவந்தது. தோரோ எமர்சன் வீட்டிலேயே தங்கி, தோட்ட வேலை, ரிப்பேர் வேலை எல்லாம் பார்த்துக்கொண்டு எழுதிப் பழகினார்.

1842 ஜனவரி 1. சவரக் கத்தியைத் தீட்டும்போது ஜானின் விரலில் சின்னதாக ஒரு வெட்டு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாள்களில் தாடை இறுகிப்போனது. டெட்டனஸ். அந்தக் காலத்தில் அதற்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஜனவரி 11-ம் தேதி தம்பியின் கைகளிலேயே உயிர் போனது.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். கொஞ்ச நாளில் தோரோவுக்கும் அதே அறிகுறிகள் தோன்றின. தாடை இறுகியது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. துக்கம் மட்டும்தான். குடும்பமே நடுங்கிப்போனது. நல்லவேளையாக அது தானாகவே விலகியது. அதே மாதத்தில் எமர்சனின் 5 வயது மகன் வால்டோவும் காய்ச்சலில் இறந்துபோனான். தோரோவோடு ஒட்டிக்கொண்டு திரிந்த குழந்தை அவன். ஒரே மாதத்தில் இரண்டு சாவுகள்.

அவருடைய நாட்குறிப்பு பல வாரங்கள் வெறுமையாகக் கிடந்தது.

எழுத உட்கார்ந்தால் வரவில்லை

மெதுவாக எழுந்து உட்கார்ந்தபோது தோரோவின் மனதில் ஒரு எண்ணம் வந்தது. அண்ணனோடு போன அந்தப் படகுப் பயணத்தைப் புத்தகமாக எழுத வேண்டும். அண்ணனுக்கு அவர் செய்யக்கூடிய மரியாதை அது.

ஆனால், எழுத முடியவில்லை. குறிப்புகள் இருந்தன, நினைவுகள் இருந்தன. அவை ஒரு புத்தகமாகச் சேரவில்லை. இடையில் அந்தப் படகையே நாவலாசிரியர் ஹாவ்தார்னுக்கு 7 டாலருக்கு விற்றுவிட்டார். ஹாவ்தார்னுக்குத் துடுப்புப் போடவும் அவரே கற்றுக்கொடுத்தார்.

இடத்தை மாற்றினால் சரியாகுமோ? எமர்சன் ஒரு வழி சொன்னார். 1843-ல் நியூயார்க்கை ஒட்டிய ஸ்டேட்டன் தீவில் எமர்சனின் அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போனார் தோரோ. பக்கத்திலேயே நியூயார்க். பத்திரிகைகள், பதிப்பகங்கள் எல்லாம் அங்கேதான். எழுத்தாளனாக வேண்டுமென்றால் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. சினிமா ஆசையோடு கோடம்பாக்கத்துக்கு பஸ் ஏறுகிற மாதிரிதான்.

பத்திரிகை ஆபீஸ்களில் ஏறி இறங்கினார். ஒன்றிரண்டு கட்டுரைகள்தான் விலைபோயின. நகரத்தின் கூட்டம் அவருக்கு மூச்சுமுட்டியது. உடம்பும் சரியில்லை. அந்த வருடக் கடைசியில் ஊருக்கே திரும்பிவிட்டார்.

திரும்பி வந்து என்ன செய்தார்? அப்பாவின் பென்சில் கடையில் உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை. கிராஃபைட்டோடு களிமண்ணைக் கலந்து, அந்த விகிதத்தை மாற்றினால் பென்சிலின் கடினத்தன்மையை மாற்றலாம் என்ற முறையைப் பயன்படுத்தி, அமெரிக்காவிலேயே தரமான பென்சில்களைத் தயாரித்தார். குடும்பத்தின் வருமானம் உயர்ந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டெக்னாலஜி பிடிக்காத ஆள் என்று இவருக்கு முத்திரை குத்துபவர்கள் பலர். அவரோ தன் காலத்தின் எழுதும் கருவியையே மேம்படுத்திய ஆள்.

நல்ல பென்சில் கையில் இருந்தது. புத்தகம் மட்டும் வரவில்லை.

போதாக்குறைக்கு 1844 ஏப்ரலில் ஒரு விபரீதம். நண்பரோடு மீன்பிடிக்கப் போன இடத்தில், மீனைச் சமைக்க மூட்டிய தீ காய்ந்த புல்லில் பரவிவிட்டது. சுமார் 300 ஏக்கர் காடு சாம்பலானது. காட்டை எரித்தவன் என்று ஊரே அவர் முதுகுக்குப் பின்னால் பேசியது. 26 வயது. ஒழுங்கான வேலை இல்லை, கல்யாணம் இல்லை, புத்தகம் இல்லை. கிடைத்த பெயர் இதுதான்.

ரயில் வந்தது, தந்தி வந்தது

அதே 1844, அமெரிக்காவின் வேகமே மாறிய வருடம். மே மாதம் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் தந்திச் செய்தி அனுப்பிக் காட்டினார். நாள்கணக்கில் நடந்த சேதி நொடியில் போனது. கான்கார்டுக்கு ரயில் வந்ததும் அந்த வருடம்தான். வால்டன் ஏரியின் ஓரத்தை உரசிக்கொண்டே பாஸ்டனுக்குத் தண்டவாளம் போட்டார்கள்.

ஊர் நேரம் மாறியது. முன்பெல்லாம் சூரியனைப் பார்த்து வேலையை ஆரம்பித்தவர்கள் இப்போது ரயில் விசிலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். தூரத்து ஊர்களின் விபத்து, கொலை, அரசியல், வம்பு எல்லாம் காலையிலேயே கைக்கு வந்தன. மதியம் தூங்கி எழுந்தவுடனே, என்ன நியூஸ் என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டதைத் தோரோ கிண்டலடித்தார். தூக்கம் கலைந்ததும் தலைமாட்டில் கையைத் துழாவுகிற நமக்கு அந்தக் கிண்டல் நல்லாவே புரியும்.

தந்தி பற்றி அவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. நாட்டின் ஒரு கோடியில் இருக்கும் மாநிலத்தையும் மறு கோடியில் இருக்கும் மாநிலத்தையும் அவசரமாகக் கம்பியால் இணைக்கிறோம், சரி. அவர்களுக்குள் பேசிக்கொள்ள உருப்படியாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அது.

அவருக்குப் பிரச்னை கருவியோடு இல்லை. கவனம் எங்கே போகிறது என்பதுதான் அவரை உறுத்தியது. துக்கத்தில் இருப்பவனுக்கு இது இன்னும் ஆபத்து. மனசு வலிக்கிற விஷயத்தைத் தொட பயப்படும். அதைத் தொடாமல் இருக்க ஊர் வம்பு ஒரு நல்ல சாக்கு.

1845 மார்ச்சில், கவிஞரும் நண்பருமான எல்லரி சானிங்கிடமிருந்து ஒரு கடிதம். ஒரு குடிசையைக் கட்டிக்கொண்டு தனியாகப் போய் உட்கார், உனக்கு வேறு வழி இல்லை என்கிற தொனியில் நண்பனுக்குரிய உரிமையோடு எழுதியிருந்தார் அவர். வால்டன் கரையில் எமர்சன் அப்போதுதான் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார். அங்கே குடிசை போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்.

28 டாலர் வீடு

அந்த மார்ச் மாதக் கடைசியில், கடன் வாங்கிய கோடரியோடு போய்ப் பைன் மரங்களை வெட்ட ஆரம்பித்தார் தோரோ. ரயில் பாதை போட வந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் பழைய குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கி, அதைப் பிரித்துப் பலகைகளை எடுத்துக்கொண்டார். 10 அடி அகலம், 15 அடி நீளம். ஒரே அறை. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். ஹார்வர்டில் மாணவர்கள் ஓர் அறைக்குத் தந்த ஒரு வருட வாடகையே 30 டாலர் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்.

1845 ஜூலை 4-ம் தேதி குடியேறினார். அமெரிக்காவின் சுதந்திர தினம்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு எழுதும் மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு விளக்கு, சில பாத்திரங்கள். ஜன்னலுக்குத் திரை கிடையாது. எழுதும் மேசையில் அழகுக்கு மூன்று சுண்ணாம்புக் கற்களை வைத்திருந்தார். அவற்றைத் தினமும் தூசி தட்ட வேண்டியிருந்தது. மனசுக்குள் இருக்கும் சாமான்களே இன்னும் தூசி படிந்து கிடக்க, கல்லைத் துடைத்துக்கொண்டு இருப்பதா என்று தோன்றியது. தூக்கி வெளியே எறிந்துவிட்டார். எதை வைத்துக்கொள்வது என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் இதுதான். ஒரு பொருள் என் நேரத்தில் எவ்வளவைக் கேட்கிறது? இந்தக் கேள்வியை நம்ம போனில் இருக்கிற ஒவ்வொரு ஆப்பிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாள் எப்படிப் போனது?

விடிகாலையில் எழுந்து ஏரியில் குளியல். அதை ஒரு வழிபாடு போலவே செய்தார். கோடைக் காலையில் அவரைத் தோட்டத்தில் பார்க்கலாம். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ். வரிசைகளை நீட்டி வைத்தால் 7 மைல் வரும். அத்தனையையும் வெறுங்காலோடு நின்று களைகொத்தினார். முதல் வருட லாபம் 8 டாலர் 71½ சென்ட். காசுக்காகச் செய்த வேலை என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால், கை வேலை செய்துகொண்டிருக்கும்போது மனசு தன் போக்கில் ஓடியது.

பிறகு வாசிப்பு, எழுத்து. மதியத்துக்கு மேல் நடை. சில நாள்கள் வாசற்படியில் காலையிலிருந்து மதியம் வரை சும்மா உட்கார்ந்திருந்தார். பறவைச் சத்தம், இலைச் சத்தம், அவ்வளவுதான். அதை வீணான நேரமாக அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மாலையில் படகில் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசித்தார்.

அங்கே இருந்த நாள்களில் பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவருக்கு நெருக்கமான புத்தகமானது. உறைந்த ஏரியின் மேல் நின்று, பனியில் துளை போட்டு, கயிறும் கல்லும் கட்டி ஆழத்தை அளந்தார். அடியே இல்லாத ஏரி என்று ஊர்க்காரர்கள் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் அளந்து பார்த்ததில்லை. மிக ஆழமான இடம் 102 அடி. பின்னாளில் நவீன கருவிகளோடு வந்தவர்களும் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் கண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில், மூன்று வருடங்களாக முரண்டு பிடித்த புத்தகம் நகர ஆரம்பித்தது. அண்ணனோடு போன ஆற்றுப் பயணத்தின் முதல் வரைவை அந்தக் குடிசையிலேயே முடித்தார். பிறகு அதைத் திருத்தி இரண்டாவது வரைவும் எழுதினார். இரண்டு வாரப் பயணத்தை ஒரே வாரமாகச் சுருக்கினார். அந்தப் புத்தகம் முழுக்க அண்ணன் கூடவே வருகிறார். ஆனால், ஜான் என்ற பெயரை மட்டும் தோரோ ஓரிடத்தில்கூட எழுதவில்லை.

மெட்ராஸுக்கும் வால்டனுக்கும் என்ன சம்பந்தம்?

1846-47 குளிர்காலத்தில் அந்த அமைதிக்குள் 100 தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். ஏரியில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி விற்பதற்காக. பாஸ்டனின் ஐஸ் வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடர் அந்தக் காலத்தில் மரத்தூளில் பொதிந்த ஐஸைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். சென்னை மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-ல் டியூடரின் ஐஸைச் சேமிக்கக் கட்டிய கிடங்குதான். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்த ஏரியாவுக்கு இன்றைக்கும் நிலைத்துவிட்டது.

தோரோ இதைப் பார்த்து எரிச்சல்படவில்லை. காலையில் கீதை வாசிக்கிற தனக்கும், தன் ஏரித் தண்ணீரைக் குடிக்கப்போகிற மெட்ராஸ், கல்கத்தா மக்களுக்கும் ஒரு பந்தம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டார். திருவல்லிக்கேணியின் டம்ளரும் வால்டன் ஏரியும் அவர் மனசில் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன. உலகத்தோடு இணைந்திருக்க நொடிக்கு நொடி சேதி தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்ன இருக்கு?

அம்மாதான் துணி துவைத்துக் கொடுத்தாரா?

இணையத்தில் தோரோவை வைத்து ஓடும் மீம் ஒன்று உண்டு. காட்டில் தனியாக வாழ்ந்தேன் என்று பெருமை பேசியவருக்கு அம்மாதான் துணி துவைத்துக் கொடுத்தார், சாப்பாடும் கொடுத்தார் என்பார்கள்.

அவர் வீட்டுத் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். குடிசையிலிருந்து ஊர் ஒன்றரை மைல் தூரம். இரண்டொரு நாளுக்கு ஒருமுறை ரயில் பாதை வழியாகவே ஊருக்கு நடந்து வந்தார். அப்பா அம்மா வீட்டிலும் எமர்சன் வீட்டிலும் சாப்பிட்டார். நண்பர்கள் குடிசைக்கு வந்து போனார்கள். மூன்று நாற்காலிகள் வைத்திருந்ததே அதற்குத்தான். தன்னை ஒரு துறவி என்று அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கைச்செலவுக்குத் தச்சு வேலை, நில அளவை என்று கூலி வேலைகளும் பார்த்தார்.

1846 ஜூலையில் செருப்பு தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்கு வந்தபோதுதான் கைதானார். அடிமை முறையை ஆதரித்து, மெக்ஸிகோ மீது போர் தொடுத்த அரசாங்கத்துக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று பல வருடங்களாக அவர் கட்டாமல் இருந்தார். ஒரே ஓர் இரவுதான் சிறை. யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்தார். அந்த அனுபவத்திலிருந்து 1849-ல் ஒரு கட்டுரை பிறந்தது. பல வருடங்கள் கழித்து தென்னாப்பிரிக்காவில் போராடிக்கொண்டிருந்த காந்தியின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. தன் இந்தியன் ஒப்பீனியன் இதழில் அதைப் பற்றி அவர் எழுதவும் செய்தார். பிறகு மார்ட்டின் லூதர் கிங்கும் அதிலிருந்து உரம் பெற்றார். ஆக, தோரோ ஒதுங்கிப்போனது உலகத்தை மறப்பதற்காக இல்லை. இரைச்சல் குறைந்த இடத்திலிருந்து உலகத்தைப் பார்த்தார்.

இன்னொரு புத்தகமும் ஊர்க்காரர்களால்தான் வந்தது. அங்கே என்ன சாப்பிடுற, தனியா இருக்க பயமா இல்லையா, என்னதான் பண்ற என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். 1847 பிப்ரவரியில் ஊர் மேடையில் அதற்குப் பதிலாக ஓர் உரை நிகழ்த்தினார். அதுதான் பின்னால் `வால்டன்' புத்தகமாக வளர்ந்தது.

706 பிரதிகள் திரும்பி வந்தன

1847 செப்டம்பர் 6-ம் தேதி குடிசையை விட்டுக் கிளம்பினார். 2 வருடம், 2 மாதம், 2 நாள். எமர்சன் ஐரோப்பாவுக்குச் சொற்பொழிவாற்றப் போகவிருந்தார். அவருடைய வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அதுமட்டுமல்ல, குடிசை வாசலிலிருந்து ஏரிக்குத் தன் கால்பட்டே ஒரு பாதை விழுந்துவிட்டதைத் தோரோ கவனித்திருந்தார். தனிமையும் ஒரு பழக்கமாகிவிட்டது, வந்த காரியமும் முடிந்தது என்று புரிந்துகொண்டார்.

இதற்கு மேல் எல்லாம் வெற்றிதான் என்று சொல்ல ஆசை. நடந்தது வேறு. அண்ணனுக்காக எழுதிய புத்தகத்தை எந்தப் பதிப்பாளரும் தங்கள் காசில் போட முன்வரவில்லை. செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லி 1849-ல் வெளியிட்டார். அச்சடித்தது 1,000 பிரதிகள். விற்றது 200 சொச்சம்தான். 1853-ல் மிச்சமிருந்த 706 பிரதிகளையும் பதிப்பாளர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். தோரோ அவற்றை முதுகில் சுமந்து மாடி அறைக்கு ஏற்றினார். என் நூலகத்தில் பெரும்பகுதி நானே எழுதியது என்ற பொருளில் நாட்குறிப்பில் தன்னையே கேலி செய்துகொண்டார். அச்சுக் கடனை அடைக்க பென்சில் செய்தும் நிலம் அளந்தும் பல வருடங்கள் உழைத்தார்.

அன்று இரவும் அவர் வழக்கம்போல எழுத உட்கார்ந்தார். லைக் வராத போஸ்ட்டை டெலீட் செய்கிற நம் கைக்கு இது கொஞ்சம் ஆச்சரியமான விஷயம். அவர் எழுதியதற்குக் காரணம் அண்ணன். அந்தக் கணக்கு எழுதி முடித்த அன்றே தீர்ந்துவிட்டது. விற்பனைக் கணக்கு தனி.

`வால்டன்' அச்சுக்குப் போக ஏழு வருடங்கள் ஆயின. ஏழு முறை திருத்தி எழுதினார். 1854 ஆகஸ்டில் வெளியான அது 2,000 பிரதிகள் அச்சாகி, ஓரளவு நன்றாகவே விற்றது. உலகப் புகழெல்லாம் அவர் இறந்த பிறகு வந்ததுதான்.

தந்திக் கம்பியில் காதை வைத்தவர்

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. தந்தியைக் கிண்டலடித்தாரே, அந்தத் தந்திக் கம்பம் 1851-ல் கான்கார்டு ரயில் பாதையோரமே வந்து நின்றது. தோரோ என்ன செய்தார் தெரியுமா? கம்பத்தில் காதை வைத்துக் கேட்டார். காற்று மோதும்போது கம்பி அதிர்ந்து எழுப்பிய ரீங்காரம் அவரைக் கிறங்கடித்தது. அதை ஒரு யாழ் என்றே நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப எழுதினார். அதில் ஓடிய சேதிகள் அவருக்குத் தேவைப்படவில்லை. கம்பி பாடியது பிடித்திருந்தது.

குடிசையை விட்டு வந்த பிறகும் அவர் விடாத பழக்கம் நடைதான். நாள்தோறும் நான்கு மணி நேரமாவது நடந்தார். கையில் ஒரு குறிப்பேடு, வீட்டில் செய்த பென்சில், செடிகளை அழுத்தி வைக்க அப்பாவின் பழைய இசைப் புத்தகம், தொப்பிக்குள்ளேயே செடி வைக்க ஒரு சின்ன தட்டு. நடக்கும்போது பார்த்ததைச் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு வந்து, மறுநாள் விரிவாக எழுதுவார். இப்படி 24 வருடங்களில் சேர்ந்த நாட்குறிப்பு சுமார் 20 லட்சம் வார்த்தைகள். எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்தது என்று அவர் எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டுதான் இன்றைய விஞ்ஞானிகள் கான்கார்டில் பருவநிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

1862 மே 6-ம் தேதி காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 44. கடைசி மாதங்களில் படுக்கையிலிருந்தபடியே கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நடை பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, இறந்த அடுத்த மாதம்தான் பத்திரிகையில் வந்தது.

நாம என்ன எடுத்துக்கலாம்?

வேலையை விட்டுட்டு ஏலகிரியில் குடிசை போடுங்கன்னு யாரும் சொல்லல. வாடகை, இ.எம்.ஐ., ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் இருக்குற வாழ்க்கைதான் நம்மோடது. ஆனா, தோரோகிட்ட இருந்து சில விஷயங்களை எடுத்துக்கலாம்.

முதல்ல, எந்த வேலைக்காக விலகுறோம்னு தெரிஞ்சிருக்கணும். வெறுமனே போனை அணைச்சு வெச்சா அரை மணி நேரத்துல கை பரபரக்கும். தோரோ கையில் ஒரு புத்தகத்துக்கான குறிப்புகள் இருந்துச்சு. உங்க கையில என்ன இருக்குன்னு ஒரு தாளில் எழுதிட்டு அப்புறம் அணைங்க.

அடுத்தது, கைக்கு ஒரு வேலை. களைகொத்துறது, துணி மடிக்கிறது, காய் நறுக்குறது, எதுவானாலும் சரி. ஹெட்போன் மட்டும் வேண்டாம். அந்த நேரத்துல மனசு எங்கெங்கோ ஓடும். அது ஓடணும்.

மூணாவது, நடை. நாலு மணி நேரம் நடக்க முடியாதுதான். நாற்பது நிமிஷம் முடியும். போன் வீட்டுல இருக்கட்டும். பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும்.

நாலாவது, ஆட்களை விட்டு விலக வேண்டாம். அவரும் ஒன்றரை மைல் நடந்து அம்மா வீட்டுல சாப்பிட்டவர்தான். நேரில் வர்ற நண்பனுக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க.

கடைசியா ஒண்ணு. ரொம்ப நாளா ஒரு விஷயம் வர மாட்டேங்குதுன்னா, அதுக்குப் பின்னாடி தொட பயப்படுற ஒரு வலி இருக்கலாம். அது நாலு நோட்டிஃபிகேஷனை அணைச்சா தீர்ந்துடாது. தோரோவுக்கே மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த வலியோட உட்கார அவருக்கு ஒரு அமைதியான அறையும், அதைப் புரிஞ்சுகிட்ட ஒண்ணு ரெண்டு நண்பர்களும் தேவைப்பட்டாங்க. உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தா, இந்த வாரம் மெசேஜ் அனுப்பாம, நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க.